தார் பூசிய போல்ட்டு

வாலிநோக்கம் உப்பளத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பழைய ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். விடியுமுன்னே பாத்திகளுக்கு நடுவில் வரப்பு மேல் போகவேண்டும். போன வாரம் வண்டி லைட்டின் மங்கின வெளிச்சத்தில் ஒரு சக்கரம் பாத்திக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பெண்களோடு வேலைக்கு வரும் என் மனைவி முருகலட்சுமி சிராய்த்த முழங்காலோடு எழுந்து எல்லாருக்குமாகச் சொன்னாள்: "நல்ல லைட்டு போடாம இனி ஒருத்தியும் ஏற மாட்டோம்." ஆள் ஏறாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

சாயல்குடி எலக்ட்ரீசியன் தாஹா வந்து முன்னால் இரண்டு பெரிய லைட் மாட்டினான். பேட்டரியிலிருந்து தடித்த வயர், அங்கேயே பியூஸ், அப்புறம் ரிலே. எர்த் வயரை இடது இண்டிகேட்டர் எர்த்தோடு சேர்த்து, அடிச்சட்டத்தில் ஒரே போல்ட்டில் முடுக்கினான். வெளிச்சம் பாத்தி தாண்டி அடித்தது.

மறுநாள் சாயங்காலம் பெண்களுக்குக் காட்டலாமென்று சுவிட்சைப் போட்டேன். லைட் எரியவில்லை. இடது இண்டிகேட்டர்தான் முன்னும் பின்னும் மினுக்கென்று எரிந்தது.

"ஏங்க, முன்னால வெளிச்சம் கேட்டா பின்னால காட்டுறீக?" என்றாள் முருகலட்சுமி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதில் கம்பி சுற்றிப் பார்க்கவா என்று தாஹாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கம்பியச் சுத்துனா வண்டியே எரிஞ்சுபோயிரும். கைய வைக்காதீக, வாரேன்."

வந்தவன் வண்டிக்கடியில் படுத்தான். "இங்கன தார் பூசுனது யாருண்ணே?"

"நான்தான். நீ இரும்பப் பளபளன்னு சுரண்டி விட்டுட்ட. உப்புக்காத்து தின்னுருமேன்னு போல்ட்டக் கழட்டி, பூசி, காயவச்சு மாட்டுனேன்."

எங்கள் ஊரில் எந்த வண்டியையும் அடியில் தார் பூசாமல் விடமாட்டோம்.

"தாருக்குள்ள கரண்டு போவாதுண்ணே. லைட்டுக்கு வந்த கரண்டு திரும்பிப் போவ வழியில்லாம இண்டிகேட்டர்ல பூந்து கொஞ்சமாத்தான் ஓடிருக்கு."

"லைட்டுக்குத்தான் வந்துருச்சே. எரிய வேண்டியதுதான? எதுக்குத் திரும்பிப் போவணும்?"

"போனாத்தான் எரியும்."

சுரண்டினான், துடைத்தான், இறுக முடுக்கினான். பிறகு கிரீஸ் டப்பாவை நீட்டினான். "இப்பப் பூசுங்க. போல்ட்டுக்கு மேலதான், அடியில இல்ல. ரோட்டுல ஏறுனா லைட்ட அணைச்சிருங்க, எதிர்ல வாரவனுக்குக் கண்ணு தெரியாது."

முடுக்குமுன்னே பூசினால் தப்பாம், முடுக்கின பின்னே பூசினால் சரியாம். தலையை ஆட்டி வைத்தேன்.

விடிகாலையில் முருகலட்சுமி ஜீப்புக்கு முன்னால் நின்றாள். போடச் சொன்னாள், அணைக்கச் சொன்னாள், மறுபடி போடச் சொன்னாள். கண்ணை இடுக்கிக்கொண்டு வந்து முதல் ஆளாக ஏறினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள்.

"என்ன கோளாறாம்?"

"தாரு."

"தாரா? தாருக்கும் லைட்டுக்கும் என்ன?"

"அதத்தான் நானும் கேட்டேன்" என்று வண்டியை வரப்பில் ஏற்றினேன்.