காற்று எந்தப் பக்கம் போகிறது

மருந்துக்கடை பில் கவுண்டரில் காலையிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சின. ஆனாலும் அவள் நேராக அக்கா வீட்டுக்குப் போகாமல், தோளில் துணிப்பையோடு புருஷன் மெக்கானிக்காக வேலை பார்க்கும் லாரி ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போவது அவளுக்கு ஒத்துவராது. முகத்தைப் பார்த்து, போகிறேன் என்று சொல்லிவிட்டே போக வேண்டும்.

சில மாதங்களுக்கு முன், இருட்டில் படுத்தபடி, ஃபேன் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரலில் அவரிடம் கேட்டாள்: "என்னை வேண்டாம்னு ஆயிடுச்சா உங்களுக்கு?" அவர் தூங்கவில்லை. திறந்திருந்த கண்கள் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தன. பதில் மட்டும் வரவில்லை. அந்த மௌனத்தையே பதிலாக மென்று முழுங்கி இத்தனை நாள் குடும்பம் நடத்தியாகிவிட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு, கேக்கறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஏறி உக்காந்து பிரேக்கை மிதியேன். கூட வேலை செய்யறவருக்குக் காய்ச்சல். இந்த ஆள் வேற என் தலைமேல ஏறி நிக்கறார்."

அப்படி நின்றவர் லாரி டிரைவர். தூக்கமில்லாத முகம். "நிக்காம என்ன பண்றது அண்ணி? இது மூணாவது தடவை. முதல்ல பின்னாடி இடது சக்கரத்துல பிரேக் சேம்பரை மாத்தினார். அப்புறம் அதே பக்கம் அதுக்குக் காத்து போற ஹோஸை மாத்தினார். சும்மா நின்னா பிரேக் காத்து இறங்கறதில்ல. மிதிச்சாப் போதும், காத்து மீட்டர் முள்ளு சரியுது. இறக்கத்துல எனக்கு உசிரு போய்ட்டு வருது."

"சோப்புத்தண்ணி தெளிச்சா நுரை வந்து காட்டிக் கொடுக்கும்னு இவரே சொல்லுவாரே?"

"அது மத்தவங்களுக்காம். அவருக்குக் காது போதுமாம்."

மெக்கானிக் அதைக் கண்டுகொள்ளாமல் சக்கரங்களுக்குக் கட்டை போட்டார். டேங்கில் காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, பின்புறமாகப் போய், தலை முன்பக்கம் இருக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தார். அவள் சீட்டில் ஏறி மிதித்தாள். முள் மெல்லச் சரிந்தது. பின்னாலிருந்து 'புஸ்ஸ்' என்று சத்தம், குக்கர் விசில் வரப்போவதுபோல. வலது பக்க ஜன்னல் வழியாகத்தான் அது தெளிவாகக் கேட்டது.

"இடது பக்கம்தான்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, வலது பக்கம்ல கேக்குது?"

பதில் இல்லை. அதே மௌனம். காலை எடுத்துவிட்டு இறங்கினாள். "நீங்க மிதிங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, வண்டியின் வலது பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் இடது காது. அதற்குப் பக்கத்திலேயே காற்று சீறிக்கொண்டிருந்தது. அவரோ மறுபுறம் தலையைத் திருப்பி, புது ஹோஸைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவர் திரும்பவில்லை.

"போறேங்க. கேக்குதா?"

கோபம் தலைக்கேற வேண்டிய இடம் அது. ஆனால் அவர் முகத்தில் அலட்சியம் எதுவும் இல்லை. பரீட்சையில் தெரியாத கேள்வியைப் பார்த்த மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய் உட்கார்ந்து, முன்பைவிட மெதுவாகவே கூப்பிட்டாள். "ஏங்க."

சட்டென்று திரும்பினார். "என்ன?"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டிலில் சுவரோரம் அவள் படுப்பது; அது அவருக்கு இடது பக்கம்.

"இடது காது கேக்கலையா உங்களுக்கு?"

அவர் ஹோஸிலிருந்து கையை எடுத்தார். சீட்டில் இருந்த டிரைவருக்குக் கேட்காதபடி சொன்னார்: "அன்னிக்கு இங்க என் பக்கத்துல டயர் வெடிச்சுதே, அதுலேருந்து. தானா சரியாயிடும்னு நினைச்சேன். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

"நான் உங்க முதலாளியா?"

சோப்புத்தண்ணி பாட்டிலைத் தேடி எடுத்து, வலது பக்கம் அவளே தெளித்தாள். சேம்பரில் ஹோஸ் சேரும் வளைவில் நுரை பொங்கியது.

"அங்க பாருங்க, உங்க காத்து" என்றாள்.

காற்றை இறக்கிவிட்டு, வெடித்திருந்த ஹோஸைக் கழற்றி வேறொன்று மாட்டினார். மறுபடி காற்று நிரப்பி மிதித்தபோது முள் வைத்த இடத்திலேயே நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். "அண்ணி, நாளையிலேருந்து நீங்களே வந்துடுங்க. அண்ணன் வீட்ல சமைக்கட்டும்."

"அவர் சமையலைச் சாப்பிட்டா உங்களுக்கு இந்த இறக்கமே மேல்னு தோணும்."

லாரி கிளம்பிப் போன பிறகுதான் அவர் துணிப்பையைக் கவனித்தார். "என்னமோ சொல்லணும்னியே?"

அவள் அவருக்கு வலது பக்கம் வந்து நின்றாள். ஒருநாள் ராத்திரி கேட்டதாகச் சொல்லி, அந்தக் கேள்வியை மறுபடி கேட்டாள். பழைய கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

அவர் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் படிந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அதைக் கேட்டும் பேசாம இருந்தேன்னா நினைச்சே?"

"ம்."

"இத்தனை மாசமும் அதை வச்சுக்கிட்டா சோறு போட்டே?"

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட காதைக் காட்டணும்" என்றாள். "முதலாளிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. பிரேக் விஷயம் இது."

"சொல்றேன்."

"இனிமே சுவரோரம் நீங்க படுங்க."

"அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராதே."

"வராட்டிப் போகுது" என்று அவள் நடக்கத் தொடங்கினாள். அவர் வேகமாக வந்து, அவளுக்கு இடப்பக்கமாகச் சேர்ந்துகொண்டார்.