பட்டினி போட்ட தட்டு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வரியில் இளையவள் கையிலிருந்த அப்பளம் நொறுங்கிப்போனது. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

ஷாமினிக்குச் சிறுவயது முதலே அறிவியலில் தீராத... (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

ஷாமினி கிள்ளான்காரி, மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர், வீட்டில் முதல் பட்டதாரி. உயிரணுவைப் பட்டினி போட்டால் தன்னிடமுள்ள பழுதான பகுதிகளைத் தானே தின்று பிழைக்கும். ஆட்டோஃபேஜி என்பார்கள்.* அதை நடத்துவது இதுதான் என்று சந்தேகப்பட்ட ஒரு மரபணுவை அவள் வெட்டியெடுத்தாள். பிறகு மரபணு வெட்டிய அணுக்கள் ஒரு தட்டிலும் வெட்டாதவை இன்னொன்றிலுமாக, இரண்டையும் பட்டினி போட்டாள். வெட்டாத அணுக்கள் தம்மைத் தின்றன. வெட்டியவை தின்னவில்லை.

பேராசிரியர் பரமேஸ்வரன் துள்ளிக் குதித்தார். மறுமுறை செய்து பார்க்கும் முன்பே மாநாட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார். விரிவுரையாளர் வேலையும் அவளுக்குத்தான் என்றார்.

(*எங்கள் ரப்பர் தோட்டத்துப் பாட்டன்மாருக்கு அதைச் செய்யத் தெரியும். பெயர்தான் தெரியாது.)

3

அதே அப்பள மேசை. மூத்தவர் தாமரையக்கா, ஆய்வுக்கூட உதவியாளர்.

"அன்னைக்கு நீ பாட்டுக்கு நாசி லெமாக் சாப்பிடப் போயிட்ட. உன் தட்டு ரெண்டும் வெறுந்தண்ணியில கெடக்கு. பாவம் லா! நீ மறந்துட்டியோன்னு நெனச்சு, நாந்தான் சத்து ஊத்தி வெச்சேன்."

"ரெண்டுலயுமாக்கா?"

"ஒன்னுக்குத்தான் மிச்சம் இருந்துச்சு. மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டுனதுக்கு."

மஞ்சள், வெட்டிய தட்டு. வயிறு நிறைந்த அணு எதற்குத் தன்னைத் தின்னும்?

"ஏன்டி மூஞ்சி அப்படிப் போவுது? தப்பா?"

"ஒன்னுமில்லக்கா. சாப்பிடுங்க."

4

முடிவு ஒன்று: வாயை மூடிக்கொள்கிறாள். வேலை கிடைக்கிறது. அம்மா கிள்ளான் முழுக்க லட்டு... (கை கூசுகிறது.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். மண்டபமே எழுந்து கைதட்ட... பொய். யார் தட்டுவார்கள்? தாமரையக்காவுக்கு வேலை போகும், அவ்வளவுதான். 'நேர்மையா இரும்மா' என்று இப்போது முனகிய வாசகரே, உங்கள் வீட்டில் முதலில் படித்தது யார்? தாத்தாவா? அப்படியானால் கொஞ்சம் சும்மா இருங்கள்.

5

ஷாமினி மறுபடி செய்தாள். இரண்டு தட்டும் பட்டினி. இந்த முறை சாப்பிடப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தாமரையக்கா எட்டிப் பார்த்தார். "ஊத்தட்டுமா?"

"வேணாங்க்கா. பசிக்கட்டும்."

"அப்ப நீயாவது போய்ச் சாப்பிடு லா."

"அதுங்க முடிக்கட்டும்."

மஞ்சள் தட்டு இப்போது நுண்ணோக்கியின் கீழ் இருக்கிறது. பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அணுக்கள் தம்மைத் தின்கின்றன; மாநாடும் போச்சு, வேலையும் போச்சு. தெரியாவிட்டால் அவள் கண்டது நிஜம். பார்ப்பதற்கு முன்பே பரமேஸ்வரனின் எண்ணை அழுத்திவிட்டாள். எதுவானாலும் சொல்லிவிடுவாள். மணி அடிக்கிறது.

நான் பார்க்கப்போவதில்லை. நானும் தாமரையக்கா ஜாதிதான். பாவமென்று ஏதாவது ஊற்றிவிடுவேன்.

நீங்கள் குனிந்து பாருங்கள்.