பதினொரு நாள் நீண்ட வியாழக்கிழமை

2009ஆம் வருடம் ஆடி மாதக் கடைசியில் புதுச்சேரியில் ஒரு வியாழக்கிழமை பதினொரு நாள் நீடித்தது. சூரியன் ஒழுங்காக உதித்து ஒழுங்காகத்தான் மறைந்தது. ஆனால் காலையில் காலண்டர் தாளைக் கிழித்தால் அடியில் மறுபடியும் ஆகஸ்ட் பதின்மூன்று, வியாழன். ராகு காலம் தினமும் ஒன்றரை முதல் மூன்று. தட்சிணாமூர்த்திக்கு நாள் தவறாமல் மாலை கட்டியதில் கொண்டைக்கடலை கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறியது. சென்னையில் எந்தக் கிழமையில் பஸ் ஏறினாலும் ஊரின் வடக்கு எல்லையில் காலாப்பட்டு தாண்டும்போது வியாழக்கிழமையாகிவிடும். முதல் மூன்று நாள் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத் தருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவைத்தவர்கள் சந்தோஷமாகவே இருந்தார்கள்.

சந்தோஷமாக இல்லாதது கடலோர வீராம்பட்டினம். அங்கே ஆடி ஐந்தாம் வெள்ளி அம்மனுக்குத் தேர். அந்த வெள்ளிதான் வர மறுத்தது. அதைவிடப் பெரிய கவலை தில்லையம்மாளுக்கு. மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய அவளுடைய மகன் செல்வகுமார், வெள்ளி விடியறதுக்குள்ள வந்துடுவேன், வடம் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டு நாலு பேரோடு வியாழன் விடிகாலையில் கடலுக்குப் போயிருந்தான். படகு கரையிலிருந்து பார்த்தால் தெரிந்தது. அடிவானத்துக்குச் சற்று இந்தப் பக்கம், சுவரில் அடித்த ஆணி மாதிரி அப்படியே நின்றது. தேடிப் போன படகுகள் நாளெல்லாம் ஓட்டிவிட்டு, கிட்டவே போக முடியாமல் திரும்பின. செல்வகுமார் தினம் ஒரு நிமிடம் மட்டும் செல்போனைப் போட்டு அக்காவிடம் பேசினான். "கோயில் கோபுரம் தெரியுதுக்கா. ஓட்டுறோம் ஓட்டுறோம், கரை வரவே மாட்டேங்குது." டீசல் குறையவில்லை, தூரமும் குறையவில்லை, குடிதண்ணீர் மட்டும் குறைந்தது. நாலாவது வியாழன் பெய்த மழையைத் தார்ப்பாயில் பிடித்துச் சமாளித்தார்கள். பத்தாவது வியாழன் அரை கேன்தான் மிச்சம்.

அந்த அக்கா தேவிப்பிரியா, முதலியார்பேட்டையில் ஒரு தனியார் கணினி மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். ஊருக்கே நேரம் சொன்ன இரண்டு சர்வர்களில் ஒன்று அவள் பொறுப்பு. மற்றொன்று காலாப்பட்டுக் கிளையில், புருஷோத்தமன் என்பவரின் பொறுப்பு. பஸ் நிலையப் பலகை, பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் இந்த இரண்டையும் கேட்டுத்தான் மணி பார்த்தன. சர்வர்கள் வந்த ஆறு வருடத்தில் கிழமைகளும் அவற்றைக் கேட்டே நகரப் பழகிவிட்டிருந்தன. வியாழன் நின்ற அன்றைக்கே இருவரும் போனில் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். தப்பு உங்கள் சர்வரில் என்பார் அவர். உங்கள் சர்வரில்தான் என்பாள் இவள். இருவரும் நன்றாகப் படித்தவர்கள்தான், விட்டுக்கொடுக்கத்தான் ஆளில்லை.

இரண்டு சர்வர்களையும் நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியிருந்த நேரத்தில் ஊரில் அடுப்பில் வைத்த பால் பொங்கவில்லை. மறுபடி போட்டதும் சரியாக ஒரு நிமிடம் வெள்ளிக்கிழமை வந்தது. படகு ஒரு கூப்பிடு தூரம் நகர்ந்தது. கரையில் நின்றவர்கள் கையை உயர்த்துவதற்குள் மறுபடி வியாழன். இப்படி ஒன்பது முறை செய்ததில் காலாப்பட்டு இயந்திரம் தீய்ந்த வாசனை அடிக்கத் தொடங்கியது.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தேவிப்பிரியா உட்கார்ந்து பார்த்தாள். வெளியூரிலிருந்து எவனோ காலாப்பட்டு சர்வருக்கு ஒரு கள்ளக் கடிதம் அனுப்புகிறான். அனுப்புநர் பெயர் முதலியார்பேட்டை என்று போட்டு, உள்ளே அர்த்தமில்லாத ஒரு கேள்வி. காலாப்பட்டு, உன் கேள்வி தப்பு என்று முதலியார்பேட்டைக்குப் பதில் போடுகிறது. கேட்காத கேள்விக்கு வந்த பதிலைப் பார்த்து முதலியார்பேட்டை, நீ சொல்வதுதான் தப்பு என்கிறது. பிறகு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் தப்பு, தப்பு, தப்பு. மொட்டைக் கடுதாசியால் சம்பந்திகள் முட்டிக்கொண்ட கதைதான். இந்த ரகளையில் நாளை நகர்த்த இருவருக்கும் நேரமில்லை.

கல்லூரிக் காலத்தில் சனிக்கிழமைகளில் அவள் அம்மாவோடு மீன் கடை வரிசையில் உட்கார்ந்தவள். அந்த வரிசையில் பெண்களே வைத்துக்கொண்ட ஒரு சட்டம் உண்டு. முதலில் திட்டியவளுக்குத் தண்டனை இல்லை; திட்டுக்குத் திட்டு திருப்பிக் கொடுத்தவள்தான் வரிசைக்கே டீ வாங்கித் தர வேண்டும். அநியாயமான சட்டம்தான், ஆனால் அங்கே எந்தச் சண்டையும் மூன்றாவது வார்த்தையைத் தாண்டியதில்லை. தேவிப்பிரியா அந்தச் சட்டத்தை நேரம் காட்டும் மென்பொருளுக்குள் எழுதினாள். தப்பு என்று வரும் பதிலுக்குப் பதில் போடாதே. மொத்தம் நாலு வரி.

மேலாளர் சுப்பராயன் நல்லவர், சட்டம் தெரிந்தவர். சர்வரில் எந்த மாற்றமும் ஒப்புதல் குழுவில் வைத்துத்தான் செய்ய வேண்டும், குழு வெள்ளிக்கிழமைதான் கூடும் என்றார்.

"வெள்ளிக்கெழம வரதுக்குத்தான் சார் இதையே போடறேன்," என்றாள் தேவிப்பிரியா.

போட்டால் வேலை போகும் என்றார் அவர். தம்பி போவதற்குப் பதில் வேலை போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

பதினோராவது வியாழன் காலை ஆறு பத்துக்கு அவள் அந்த நாலு வரியோடு சர்வரை மறுபடி போட்டாள். வெள்ளி வந்தது. ஒரு நிமிடம் முடிந்தது. கள்ளக் கடிதம் வழக்கம்போல வந்தது, காலாப்பட்டு தப்பு என்றது, முதலியார்பேட்டை வாயைத் திறக்கவில்லை. இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். சுப்பராயன் எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரில் தாளைக் கிழித்தார். ஆகஸ்ட் பதினான்கு. அந்த மனிதர் கண் கலங்கியதை அலுவலகமே பார்த்தது. போனில் புருஷோத்தமன் மெதுவாக, "மேடம், அந்த நாலு வரிய எனக்கும் அனுப்புறீங்களா?" என்று கேட்டார். பத்தரை மணிக்கு ஒப்புதல் குழு கூடி, காலையில் செய்த மாற்றத்துக்கு முந்தின நாள் தேதியிட்டு அனுமதி கொடுத்தது. முந்தின நாள்தான் தாராளமாக இருந்ததே.

டிசம்பர் மாதம், மென்பொருளைச் செய்த வெளிநாட்டுக்காரர்களிடமிருந்தே அந்த ஓட்டைக்கு அடைப்பு வந்தது. நேரம் காட்டுறவங்களே நாலு மாசம் லேட்டு என்று தேவிப்பிரியா சிரித்தாள். சென்னைக்குப் பின்தங்கிய நாட்களை ஊர் ஒரேயடியாகத் தாவாமல், தினமும் கொஞ்சம் வேகமாக நடந்து, கார்த்திகைக்குள் எட்டிப் பிடித்தது. புருஷோத்தமன் ஒருநாள் பஸ் ஏறி வந்து மீன் கடை வரிசை முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பதினொரு நாள் திருப்பித் திட்டியவர் அவர்தானே. கூடவே திட்டிய தேவிப்பிரியாவும் இரண்டாவது ரவுண்டு வாங்கினாள்.

ஆகஸ்ட் பதினான்கு, அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் படகு கரை தட்டியது. ஐந்து பேரும் பதினொரு நாள் தாடியோடு இறங்கினார்கள். தில்லையம்மாள் ஒரு குடம் தண்ணீரை மகன் வாயில் பாதியும் தலையில் பாதியுமாக ஊற்றினாள். முதலியார்பேட்டையிலிருந்து அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கிய அக்காவைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, "தேர் போயிடுச்சாக்கா?"

"நாளே இப்பதான்டா வந்துது," என்றாள் அவள்.

வடத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் இடம் விட்டார்கள். தேர் அசைந்தது.