விளக்கணைத்த நேரத்தில் வளர்ந்த படிகம்

அறிவியல் எப்படி நடக்கிறது என்று என் வீட்டுக்காரர் முருகப்பனிடம் கேட்டுவிடாதீர்கள், விடிய விடியப் பேசுவார். நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தில், பூ மி ஹங் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதைத்தான் பாடமாக நடத்துகிறார். முதலில் கருதுகோள், அப்புறம் சோதனை, பொய்த்தால் தூக்கிப் போடு. ஆய்வகத்துக்குள் மட்டும் கால் வைத்ததில்லை.

நான் அதே நகரத்தின் தூ டுக் பகுதியில் ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் புது மருந்தைப் படிகமாக வளர்க்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஹான் செய்தால் ஊசி ஊசியாக மின்னும். அதே கரைசல், அதே குப்பி, நான் செய்தால் வெறும் மாவு. வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னால் நான் வளர்த்துக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். அழுகையாக வந்தது.

“கருதுகோள் பொய்ச்சுப் போச்சு. விட்ரு அலமு” என்றார் இவர், வீட்டில்.

“விட்டுட்டு? ஊருக்கு டிக்கெட் போடுங்க!”

இந்த ஊரில் மதியம் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்கடியில் பாய் விரித்து எல்லாரும் தூங்கிவிடுவார்கள். வேலை நேரத்தில் தூக்கமா! எனக்கு மனசு ஒப்பாது. நான் மட்டும் கைபேசி வெளிச்சத்தில் குப்பியை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை வெறுத்துப்போய், எக்கேடும் கெட்டுப் போ என்று ஹான் பக்கத்தில் நானும் படுத்துவிட்டேன். விளக்குப் போட்டபோது குப்பி நிறைய ஊசிகள்.

“மத்த நாள் என்ன பண்ணினே?” என்றாள் ஹான்.

“அப்பப்ப எடுத்துப் பார்ப்பேன்.”

“ஐயோ, ஆட்டினா எப்படி வளரும்?”

நான் ஆட்டியது தூங்கியவளுக்கு எப்படித் தெரியும்? தூங்குவதும் செய்முறையில் சேர்த்திதான் என்று அவளுக்கே தோன்றவில்லை, அதனால் செய்முறைக் குறிப்பில் எழுதவும் இல்லை. இருவரும் கட்டிக்கொண்டு குதித்தோம்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார். அறிவியலை நேரில் பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரரும் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டு வந்துவிட்டார். கரைசலை வைத்தேன்.

“அடுத்து என்ன?” என்றார் இவர்.

“படுக்கணும்.”

“கருதுகோள்?”

“பேசாமப் படுங்க.”

இயக்குநர் சொந்தமாகவே பாய் கொண்டுவந்திருந்தார். விளக்கை அணைத்ததும் முதல் குறட்டை என் வீட்டுக்காரருடையது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கை குப்பிக்கே போனது. இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

விளக்கு வந்தது. ஊசிகள்! இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹான் விசிலடித்தாள்.

இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இத எப்படி அலமு பாடம் நடத்துறது?” என்றார்.

“பிள்ளைகளையும் பாய் கொண்டுவரச் சொல்லுங்க.”