ஒரு மணிக்கு மெயின்

எனக்குப் பொறுமை கிடையாது. நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் மனைவி ரூபி சொல்லிவிடுவாள். பெயர் மார்ட்டின். புதுச்சேரி நெல்லித்தோப்பில் பத்திரங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். என் டைப்பிங் சாப்ட்வேர் இருபது வருஷப் பழசு, புது விண்டோஸில் ஓடாது. அதனால் மச்சான் அலெக்சாண்டர் என் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்துக் கொடுத்தான். வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர்.

அன்று காலையிலிருந்து அதில் சூசைமேரி அம்மாவின் பேப்பர்களை அடித்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸில் அவர் மகளுக்கு இந்த மாதம் பிரசவம். விசாவுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போய் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் குழந்தையே பிறந்துவிடும். பன்னிரண்டு பக்கத்தில் பதினொன்று முடிந்திருந்தது. பன்னிரண்டரைக்கு மெஷின் அப்படியே நின்றுவிட்டது. நான் ஒரு பக்கம்கூட சேவ் செய்திருக்கவில்லை.

காலையிலேயே திரையில் ஏதோ மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி வந்ததாகவும் அதை நான் மூடிவிட்டதாகவும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சூசைமேரி அம்மா சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"அம்மா, நான் பாத்துக்கறேன். நீங்க கொஞ்சம் வாய தெறக்காம உக்காருங்க."

அலெக்சாண்டருக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது, அதனால்தான் உள்ளே இருப்பது மூச்சுவிட முடியாமல் நிற்கிறது என்றான். எதையாவது அழித்துவிட்டு ஓட விட்டால் அடித்ததெல்லாம் அப்படியே இருக்குமாம். "என்ன ஆனாலும் ஆஃப் மட்டும் பண்ணிடாத மச்சான்," என்றான்.

போன வருஷத்து ஸ்கேன்களை அழித்தேன். ஓடவில்லை. இன்னும் அழித்தேன். ஓடவில்லை. கால் தானாக ஆடியது. சூசைமேரி அம்மா ஏதோ சொல்ல வந்தார், கையைக் காட்டி அடக்கினேன். மறுபடி போன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தாயா என்று கேட்டான். செய்யவில்லை. அழித்ததெல்லாம் அங்கேதான் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. காலி செய்யக் கொடுத்தேன். பச்சைக் கோடு நகர்வேனா என்றது. உட்கார்ந்து பார்க்க முடியாமல் எழுந்து நடந்தேன்.

மணி ஒன்று. பக்கத்துத் தையல்கடை ஆதிலட்சுமி ஷட்டரை இறக்கினாள். எங்கள் ஊரில் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்போம். இருபது வருஷமாக அந்தச் சத்தம் கேட்டதும் என் கை செய்வது ஒன்றே ஒன்று.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

திரை கறுத்தது. ஃபேன் மெல்ல நின்றது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியும் மாற்றாதவனும் நான்தான். கரண்ட் போய்விட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

"நான்தாம்மா ஆஃப் பண்ணிட்டேன். எல்லாம் போச்சி."

"பாத்தேன் தம்பி. ஒன் கை அங்க போவும்போதே பாத்தேன். நீதான் வாய தெறக்க வேணாம்னியே."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மெயினைப் போட்டு, குப்பைத்தொட்டியைக் காலி செய்து முடித்தேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். சாப்பிட வரவில்லை என்று ரூபிக்குச் சொன்னேன். அந்த அம்மாவின் ஸ்டூலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பெயர்களையும் தேதிகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் நாலு வரி அடித்திருப்பேன், அவர் நிறுத்தினார்.

"எடுத்து வச்சிட்டியா தம்பி?"

சேவ் செய்தேன்.