வேலியோர வாளிகள்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு வறட்சியில், செலண்டார் அருகிலிருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்குத் தண்ணீர் லோரி மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. வந்தால் அரைமணி நேரம் நிற்கும். பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன்பே பள்ளி வேலியோரம் வாளி வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள்.

புக்கிட் பெருவாங்கிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரமே ஆகியிருந்த பவானேஸ்வரி டீச்சருக்கு இது தெரியாது. அன்று காலை ஐந்தாம் வகுப்புக்கு, 'ஊர் நிலைத்திருக்க என்ன வேண்டும்?' என்பது பாடம். கரும்பலகையில் 'ஒழுங்கு' என்று எழுதி அடிக்கோடும் இட்டார். சன்னலுக்கு வெளியே வாளிகள் பெரிதும் சிறிதுமாக, நெளிந்த வரிசையில் நின்றன. அவருக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் வாங்க, உயரப்படி அடுக்குவோம்."

"டீச்சர், அது வந்து..." என்று கோமளா கையைத் தூக்கினாள்.

"கேள்வி பிறகு."

பத்து நிமிடத்தில் வேலியோரம் கண்ணுக்கு விருந்தானது. நண்பகலில் பெண்கள் திரும்பியதும் காதுக்கு விருந்து.

"என் வாளியக் கடைசில தள்ளுனது யாரு? நாலு மணிக்கே வச்சேன்!" என்றாள் கருப்பாயி.

"கனவுல வச்சிருப்ப லா, அக்கா," என்றாள் முனியம்மா.

"நான்தாங்க மாத்தினேன்," என்றார் பவானேஸ்வரி. அதற்குள் லோரியும் வந்துவிட்டது.

"வரிசை இல்லன்னா அடுத்த லயத்து வீடுங்களுக்குப் போறேன்," என்றார் ஓட்டுநர்.

போனால் முப்பது வீட்டுக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. பவானேஸ்வரியின் பின்னாலேயே வகுப்பும் வந்து நின்றிருந்தது. கோமளா மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"சொல்லும்மா."

"அத்தைங்களா, நீங்க வைக்கிறப்ப முன்னாடி யார் வாளி இருந்துச்சு? ஆளுக்கு அத மட்டும் சொல்லுங்க."

முனியம்மாவுக்கு முன்னால் அன்னம்மாவின் பச்சை வாளி. அன்னம்மாவுக்கு முன்னால் காது உடைந்த சிவப்பு வாளி. சொல்லச் சொல்ல மாணவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்னால் எதுவுமே இல்லாமல் நின்றது கருப்பாயியின் வாளி.

"நாலு மணி," என்று அவள் முனியம்மாவிடம் சொல்லிவிட்டு லோரியின் குழாயடியில் வாளியை வைத்தாள். கடைசி வீட்டுக்கும் தண்ணீர் கிடைத்தது.

மறுநாள் பவானேஸ்வரி, "ஊர் நிலைத்திருக்க 'ஒழுங்கு' தவிர வேறென்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"கை தூக்கினா கேக்கணும், டீச்சர்," என்றான் கெல்வின். வகுப்பே சிரித்தது.

அவர் 'கேட்டல்' என்று எழுதினார். அடிக்கோடு இடுமுன், வேறு யாராவது கை தூக்கியிருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.