ஓவர் முடிந்து அடுத்த ஓவர் தொடங்கும் வரை

முப்பது வருடம் கிரிக்கெட்டை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் ஒரு மேட்சைக்கூட அவர் உருப்படியாகப் பார்த்ததில்லை. டிவி சேனலில் விளம்பர நேரம் விற்கிற வேலை அவருக்கு. ஊரே பந்தைப் பார்க்கும். அவர் பந்து நின்ற பிறகுதான் தலையைத் தூக்குவார். ஓவர் முடிந்ததும் சோப்பு வந்ததா, பெயின்ட் வந்ததா, சொன்ன வரிசையில் வந்ததா என்று பார்ப்பார். அடுத்த ஓவர் தொடங்கியதும் மறுபடி ஃபோனில் மூழ்கிவிடுவார்.

இந்த மனுஷனுக்கு வாய்த்த மனைவியோ கிரிக்கெட் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். வீட்டில் மேட்ச் ஓடினால் அவள் போடுகிற சத்தத்தில் குக்கர் விசிலே கேட்காது. சில சமயம் விளம்பரம் நீண்டு அடுத்த ஓவரின் முதல் பந்தைத் தின்றுவிடும். அன்றைக்கு அவருக்கு வீட்டில் அர்ச்சனைதான். "விக்கெட் விழுந்த பந்து அது! அதைப் போய் முழுங்கிட்டீங்களே, உங்க சோப்புல இடி விழ!"

அப்புறம் காலம் மாறியது. மூன்று மணி நேரத்தில் முடிகிற லீக் ஆட்டங்கள் வந்தன. வீரர்களை ஏலம் போட்டு எடுத்தார்கள். விளம்பரக்காரர்கள் எல்லாரும் அங்கே போய் வரிசை கட்டினார்கள். ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் என்றால் மூஞ்சியைச் சுளித்தார்கள். லீக்கில் இடம் வாங்குகிறவர்களுக்கு டெஸ்ட்டைக் கொசுறாகத் தள்ளிவிட்டார் அவர். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை. பிறகு ஒரு செயலிக் கம்பெனி ஒளிபரப்பு உரிமையையே மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது. சேனலில் கிரிக்கெட் போயிற்று, அவர் வேலையும் போயிற்று. அந்த வருடமே இரண்டு கிட்னியும் கைவிரித்துவிட்டன.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் முனகிக்கொண்டே ரத்தத்தைக் கழுவுகிற மெஷின், கால்மாட்டில் ஸ்டூல் போட்டு மனைவி. எதிலும் ஒத்துப்போகாத ஜோடி அது. ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்பதில்கூடத் தகராறு. ஆனால் பரிசோதனை செய்து பார்த்ததில் ரத்தம், திசு எல்லாம் கச்சிதமாக ஒத்துப்போனது. அவளுடைய கிட்னி ஒன்றை அவருக்கு வைக்கலாம் என்றார் டாக்டர். அவள் அந்த நிமிடமே தயார் என்றாள்.

மாட்டேன் என்றவர் அவர்தான்.

"நல்லா இருக்கிற உடம்பைக் கிழிக்கணுமா? எனக்கு இந்த மெஷினே போதும்."

வெளியே சொன்னது அது. உள்ளே இருந்தது வேறு. வாழ்நாள் முழுக்க எதையும் சும்மா வாங்கியதில்லை அவர். கொடுத்து வாங்கியே பழகிய கை. இதற்குப் பதிலாக அவளுக்கு எதைக் கொடுப்பது? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் போய் நிற்பது? யோசிக்க யோசிக்கப் பயம்தான் வந்தது. பயத்தை முறைப்பாக மாற்றிக்கொள்வது ஆம்பிளைகளுக்குக் கைவந்த கலை. அவரும் முறைத்தார். ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கும் வரை அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வீட்டு ஆட்கள் பிடிப்பார்கள். அவர் அதற்குக்கூட மனைவியை விட்டதில்லை. "நானே பிடிச்சுக்கறேன், விடு."

அன்றைக்கு ஊசி ஏற்றும்போதே டாக்டர் வந்து நின்றார்.

"சார், உங்க இதயம் களைச்சுப்போச்சு. இந்த மெஷினை நம்பி ரொம்ப நாள் தள்ள முடியாது. அடுத்த மாசம் ஆபரேஷனுக்கு ஒரு தேதி இருக்கு. இன்னிக்கு நீங்க கிளம்புறதுக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா அதை வேற ஒருத்தருக்குக் கொடுத்துருவேன்."

"கொடுத்துருங்க" என்று சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறம் சொல்றேன்" என்றார்.

அவள் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்துச் சாப்பாட்டுப் பலகையில் சாய்த்து வைத்தாள். டெஸ்ட் மேட்ச், ஐந்தாம் நாள், கடைசிப் பகுதி. நம் அணி ஜெயிக்க வழியே இல்லை. ஒன்பது விக்கெட் போயாயிற்று. மிச்சம் இருக்கிற ஒன்றையும் விடாமல் மாலை வரை நின்றால் டிரா. நிற்கிறவர்கள் இரண்டு பேர். தொடக்க ஆட்டக்காரர் ஒருவர். பசை என்பது அவருக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர். ஆடுகளத்தில் ஒட்டினால் லேசில் பெயர மாட்டார். அதனாலேயே எந்த லீக்கிலும் அவரைச் சீந்த ஆளில்லை. இன்னொருவன் கடைசி ஆட்டக்காரன், வேகப்பந்து வீசுகிற சின்னப் பையன். முந்தின நாள் கேட்ச் பிடிக்கப்போய் வலது கையில் ஒரு விரல் வீங்கிக் கிடந்தது.

"இனிமே யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது" என்றாள் மனைவி. ஜோடி நிலைத்து நிற்கும்போது பார்க்கிறவர் எழுந்தால் விக்கெட் விழும் என்பது அவள் சித்தாந்தம். கணக்கு டீச்சர்தான், ஆனால் இதில் கணக்கு செல்லாது.

பக்கத்து நாற்காலியில் அதேபோல ஊசியோடு கிடந்த வக்கீல் சிரித்தார். "எங்களுக்கு அந்தக் கவலையே இல்லம்மா. எங்களைத்தான் கட்டிப் போட்டிருக்காங்களே."

ஓவர் முடிந்தது. அவர் பழக்கத்தில் தலையைத் தூக்கினார். சோப்பு வரவில்லை. பெயின்ட்டும் வரவில்லை.

"என்ன, நெட்டு போயிடுச்சா? விளம்பரம் எங்கே?"

"வராது. விளம்பரம் இல்லாம பாக்கறதுக்குக் காசு கட்டியிருக்கேன்."

"வராம இருக்கறதுக்குக் காசா?" அவருக்கு மூச்சே நின்றுவிடும்போல இருந்தது. "முப்பது வருஷம் நான் தின்ன சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கியே!"

"முப்பது வருஷமா நீங்க முழுங்கினதை இப்பத்தான் முழுசாப் பாக்கறேன். பேசாம இருங்க."

வேறு வழியில்லாமல் அவரும் பார்த்தார். ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் மைதானத்தில் ஏதாவது நடக்கும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. அது அவர் விற்கிற காலி இடம், அவ்வளவுதான். இப்போது அந்தக் காலி இடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நடந்து வந்தார்கள். பசை பையனின் கையைப் பிடித்துக் கையுறையைக் கழற்றி விரலைப் பார்த்தார். ஏதோ சொன்னார். பையன் தலையாட்டிச் சிரித்தான். கையுறையை அவரே மாட்டிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். யாரும் கைதட்டவில்லை. ஸ்கோரில் அதற்கு இடமும் இல்லை.

அடுத்த ஓவர் முடிந்தது. மறுபடி இருவரும் நடந்து வந்தார்கள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பையனுக்கு விவரம் பத்தல" என்றார் வக்கீல். "அடுத்த வாரம் லீக். ஏலத்துல கோடிக்கணக்குல எடுத்திருக்காங்க. அந்த விரல் உடைஞ்சா அத்தனையும் அம்போ. ஜெயிக்காத மேட்ச்சுக்கு எதுக்குக் கையைக் கொடுக்கறான்?"

வியாபாரி புத்தி அதையேதான் சொல்லியது அவருக்கும். கிடைப்பது ஒன்றுமில்லை, போவது எல்லாம். இப்படி ஒரு பேரத்தை எந்த மடையன் முடிப்பான்?

பசையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எல்லாப் பந்தையும் தானே ஆடினார். ஓட வாய்ப்பு இருந்தும் ஓடவில்லை. ஓவரின் கடைசிப் பந்தில் மட்டும் ஒரு ரன் ஓடி, அடுத்த ஓவரையும் தானே வாங்கிக்கொண்டார். பையன் மறுமுனையில் சும்மா நின்றான். ஓடி வரட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் பசையின் கை நீண்டது: வேண்டாம், அங்கேயே நில்.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காப்பாத்தறாராம்! அவன் கையில பேட் எதுக்கு இருக்கு, காத்து வீசிக்கவா? நானும் நிக்கறேன்னு வந்தவனை அப்படி ஓரங்கட்டக் கூடாதுங்க. அது பாசமில்ல. நீ எதுக்குமே ஆகமாட்டேன்னு சொல்ற மாதிரி."

சொல்லிவிட்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் கடைசியில் லேசாக உடைந்திருந்தது. அவருக்குச் சுருக்கென்றது. அவள் பேசியது மேட்ச்சைப் பற்றியா என்று கேட்கத் தைரியம் இல்லை.

மெஷின் தண்ணீரை இழுக்க இழுக்கக் காலில் தசை பிடித்துக்கொள்ளும். அன்றைக்கும் பிடித்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியாமல் முனகிவிட்டார். அவள் எழுந்திருக்கவும் கூடாது, பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. ஸ்டூலோடு சேர்ந்து டரடரவென்று நகர்ந்து வந்து காலைப் பிடித்தாள். டெக்னீஷியன் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"விடு, நானே..."

"எப்படி? கையில ஊசியை வச்சுக்கிட்டா? சும்மா இருங்க."

அதே நேரம் திரையில் பசையும் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நிற்கிற மனுஷன். ஓவர் முடிந்த இடைவெளி அது. பையன் ஓடி வந்து, பேட்டைக் கீழே போட்டுவிட்டு, அவர் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி அழுத்தினான், அந்த வீங்கிய விரலோடு. பசை அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். பையன் முகம் மலர்ந்தது.

அடுத்த ஓவரின் இரண்டாவது பந்தைத் தள்ளிவிட்டு, "வா!" என்று கத்தினார் பசை. நொண்டிக்கொண்டே ஓடினார். மிச்சம் நான்கு பந்து பையனுக்கு.

பையன் முதல் பந்தைத் தடுத்தான். இரண்டாவது பந்து எகிறி நேராக அந்த விரலில் பட்டது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். பையன் கையை உதறினான், துள்ளினான், திரும்ப வந்து நின்றான். மூன்று. நான்கு. அதற்குப் பிறகும் இரண்டு பேரும் மாறி மாறி ஆடினார்கள். யாரும் யாரையும் நிற்கச் சொல்லிக் கை நீட்டவில்லை.

கடைசிப் பந்தும் தடுக்கப்பட்டது. டிரா. இருவரும் நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வக்கீல் ஊசி இல்லாத கையால் தொடையில் தட்டினார்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடம் இதை மூடித்தான் சோப்பு விற்றோமா என்று நினைத்தார். அவள் கை இன்னும் அவர் காலில் இருந்தது. அவர் வேலையாகத் திரிந்த வருடமெல்லாம் வீட்டிலும் இப்படித்தானே இருந்திருக்கும்? இரண்டு வேலைக்கு நடுவே அவள் வந்து எட்டிப் பார்த்ததும், சாப்பிட்டீங்களா என்று கேட்டதும், நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்ததும். அவர் தலையைத் தூக்கியதில்லை. இதற்கெல்லாம் அவர் என்ன பதில் கொடுத்தார்? ஒன்றுமில்லை. அவளும் கேட்டதில்லை. இத்தனை நாள் சும்மா வாங்கித்தான் வாழ்ந்திருக்கிறார் மனுஷன்.

டாக்டர் வாசலில் வந்து நின்றார். "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"அந்தத் தேதியை யாருக்கும் கொடுத்துராதீங்க டாக்டர்" என்றார். "எங்களுக்கு வேணும்."

டாக்டர் தலையசைத்துவிட்டுப் போனார். மனைவி அசையவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவர் காலையே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்களுக்கு ஆயிரம் தடவை நன்றி எழுதியவர். இவளிடம் அந்த வார்த்தை வர இவ்வளவு வருடம் ஆயிற்று.

"ரொம்ப நன்றிம்மா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். நான் பாக்காம விட்டதுக்கெல்லாம்."

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மேட்ச்தான் முடிஞ்சிடுச்சே" என்றார் அவர். "இன்னும் ஏன் உக்காந்தே இருக்கே?"

"ஜோடி இன்னும் அவுட் ஆகலையே" என்றாள் அவள்.

டெக்னீஷியன் பெண் மெஷினை நிறுத்தி ஊசியை உருவினாள். வழக்கம்போல அவரிடம் பஞ்சை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. கையை மனைவி பக்கம் நீட்டினார். அவள் பஞ்சை வாங்கி அந்த இடத்தில் வைத்து, ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.